உங்களுக்குத் தெரியுமா? பெரிய வீட்டுப் பங்காளிச் சண்டையும் நம்ம கோயமுத்தூரும்

ஹிட்லரை வீழ்த்தும்வரை அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரே அணி. போர் முடிந்த சூடு ஆறுவதற்குள் இருவரும் முறைத்துக்கொண்டார்கள். அடுத்த 45 வருஷம் உலகமே அவர்களுடைய பங்காளிச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம். பாடத்தில் இல்லாத சில விஷயங்கள் கொங்கு நாட்டுப் பக்கம் கிடக்கின்றன.

◆ 1944 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிரெட்டன் வுட்ஸ் என்ற மலையூர் ஹோட்டலில் 44 நாடுகள் கூடின. போருக்குப் பிறகு உலகத்தின் பணம் எப்படிப் புழங்க வேண்டும் என்று முடிவு செய்யும் மாநாடு. பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் பிறந்தது அங்கேதான். அந்தக் கூட்டத்தில் இந்தியக் குழுவில் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்: ஆர்.கே. சண்முகம் செட்டியார். அதே மண்டபத்தில் ஸ்டாலின் அனுப்பிய குழுவும் இருந்தது. அமெரிக்கரும் ரஷ்யரும் ஒரே கூரையின் கீழ் எதிர்காலத்தைப் பேசித் தீர்க்க முயன்ற கடைசிச் சந்தர்ப்பங்களில் அது ஒன்று. அதை நேரில் பார்த்தவர் நம்ம ஊர்க்காரர்.

◆ நிதியத்தில் எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு? அமெரிக்காவுக்கு 275 கோடி டாலர், பிரிட்டனுக்கு 130 கோடி, சோவியத்துக்கு 120 கோடி, சீனாவுக்கு 55 கோடி, பிரான்ஸுக்கு 45 கோடி. ஆறாவதாக இந்தியா, 40 கோடி. முதல் ஐந்து பெரிய பங்குதாரர்களுக்கு மட்டும் நிர்வாகக் குழுவில் தேர்தல் இல்லாத நாற்காலி என்பது அன்றைய விதி. ஆறாவது இடத்துக்காரன் ஓட்டுக் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் 1945 டிசம்பர் கெடு வந்தபோது சோவியத் சேரவில்லை. வரிசையில் இந்தியா ஓரிடம் மேலே நகர்ந்து ஐந்தாவதாகி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தது. அப்போது நமக்குச் சுதந்திரம்கூட வரவில்லை! வல்லரசுப் பகையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் லாபம் இதுதான் என்று சொல்லலாம். ரஷ்யா நிதியத்தில் சேர்ந்தது, சோவியத் உடைந்த பிறகு, 1992-ல்.

◆ 'ஏன் இவர்கள் சேரவில்லை?' என்று அமெரிக்க நிதித்துறை மண்டையைப் பிய்த்துக்கொண்டு மாஸ்கோ தூதரகத்துக்குக் கேள்வி அனுப்பியது. அங்கே பொறுப்பில் இருந்த ஜார்ஜ் கென்னன் சளி, காய்ச்சல், பல்வலி என்று படுக்கையில் கிடந்தார். பல நாள் மனத்தாங்கலையெல்லாம் சேர்த்து, 1946 பிப்ரவரி 22 அன்று ஐயாயிரம் சொற்களுக்கு மேல் நீண்ட ஒரு தந்தியைச் சொல்லி எழுதவைத்தார். சோவியத்தை மேலும் பரவவிடாமல் அணைகட்டி நிறுத்த வேண்டும் என்ற அமெரிக்கக் கொள்கைக்கு அந்தத் தந்திதான் விதை. இந்தியாவுக்கு நாற்காலி வாங்கிக்கொடுத்த அதே மறுப்புதான் பனிப்போரின் மூல ஆவணத்தையும் எழுதவைத்தது.

◆ 1947 மார்ச்சில் கிரீஸும் துருக்கியும் சோவியத் பக்கம் சாயாமல் இருக்க அமெரிக்க அதிபர் ட்ரூமன் நாடாளுமன்றத்தில் கேட்ட தொகையும் 40 கோடி டாலர்தான். நிதியத்தில் இந்தியாவின் மொத்தப் பங்கு எவ்வளவோ அவ்வளவு.

◆ பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் அமெரிக்கத் தரப்பின் மூளையாக இருந்தவர் ஹாரி டெக்ஸ்டர் ஒயிட். அவரே சோவியத்துக்குத் தகவல் கொடுத்தவர் என்று 1948-ல் குற்றச்சாட்டு கிளம்பியது. நாடாளுமன்றக் குழு முன்னால் மறுத்துவிட்டு வந்த சில நாட்களில், அந்த ஆகஸ்டிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். அதே ஆகஸ்டில்தான் சண்முகம் செட்டியாரும் இந்தியாவின் முதல் நிதியமைச்சர் பதவியிலிருந்து விலகினார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை; காலண்டர் செய்த வேலை. பதவியை விடுவதற்கு முந்தைய மாதம் அவர் லண்டனில், போர்க்காலத்தில் பிரிட்டன் இந்தியாவிடம் பட்ட கடனை வசூலிக்கும் பேச்சுவார்த்தையில் இருந்தார். போர் முடிந்தபோது அந்தக் கடன் சுமார் 130 கோடி பவுண்டு. கூட்டாளிகளின் வெற்றிக்குப் பணம் கொடுத்தவர்களில் நாமும் உண்டு என்பதைப் பெரிய வரலாற்றுப் புத்தகங்கள் அடிக்குறிப்பில்தான் போடுகின்றன.

◆ கூட்டாளிகளின் நட்பு, கோவை மில் வாசலில் எப்படித் தெரிந்தது? சோவியத்தை ஜெர்மனி தாக்கியதும் பிரிட்டனும் ரஷ்யாவும் ஒரே கட்சி ஆகிவிட்டன. அதனால் 1942 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி மீதிருந்த தடையை நீக்கியது. அடுத்த மாதமே 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம். காங்கிரஸ்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். ஒரு கட்சி வெளியே வர, இன்னொரு கட்சி உள்ளே போனது. ஒரே மில்லில், ஒரே ஷிப்டில் தறி ஓட்டிய இருவரில் ஒருவருக்கு இது மக்கள் யுத்தம், மற்றவருக்கு வெள்ளைக்காரன் யுத்தம். டீக்கடை பெஞ்சில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

◆ அந்தக் கோபத்தின் உச்சம் சூலூர். திருச்சி ரோட்டில் அங்கே விமானத்தளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1942 ஆகஸ்ட் 26 இரவு போராட்டக்காரர்கள் அதற்குத் தீ வைத்தார்கள். லாரிகளும் கொட்டகைகளும் எரிந்தன. அதற்குப் பிறகு சுற்றுவட்டாரக் கிராமங்களில் போலீஸ் நடத்திய வேட்டையைப் பழைய ஆட்கள் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

◆ எரிந்த தளம் மறுபடி எழுந்தது. போரின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு கோவையிலும் சூலூரிலும் இருந்தது. கோவையில் இருந்த விமானப் பழுதுபார்ப்புத் தளத்துக்கு 'கருடா' என்று பெயர். அந்நாளில் பிரிட்டிஷ் கடற்படை பறக்கவிட்ட கோர்சேர், ஹெல்கேட் விமானங்கள் பிரிட்டனுடையவை அல்ல. அமெரிக்கா கடன்-குத்தகைத் திட்டத்தில் கொடுத்தவை. போர் முடிந்தால் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாமல் நல்ல விமானங்களையே கப்பலிலிருந்து கடலில் தள்ளினார்கள்.

◆ ரஷ்யாவுக்கும் அதே திட்டத்தில் லாரி, ரயில் இஞ்சின், டப்பா இறைச்சி எல்லாம் போய்க்கொண்டிருந்தது. ஜெர்மனி சரணடைந்த அதே வாரத்தில் ட்ரூமன் கையெழுத்துப் போட்டு நிறுத்தினார். நடுக்கடலில் போய்க்கொண்டிருந்த கப்பல்களைக்கூடத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். எதிர்ப்பு வந்ததும் உத்தரவைத் தளர்த்தினார்கள். ஆனால் ஸ்டாலின் அதை மறக்கவில்லை.

◆ வெளியே நட்பு முறிந்ததும் உள்ளேயும் காற்று மாறியது. 1946 ஜனவரி 8 அன்று கம்யூனிஸ்ட் சங்கத்தைச் சேர்ந்த சின்னியம்பாளையம் மில் தொழிலாளிகள் நால்வர் கோவை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். அப்போது நாடு குடியரசாகி மூன்று வாரம்கூட முழுசாக ஆகவில்லை. எட்டு வருஷம் முன்னால் 'கூட்டாளியின் தோழர்கள்' என்று சிறைக்கதவைத் திறந்துவிட்டதும் ஓர் அரசுதான் என்பதை இத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

◆ வல்லரசுகள் மட்டுமா பிரிந்தன? குவெட்டாவில் இருந்த ராணுவ அதிகாரிகள் கல்லூரியும் 1947-ல் இரண்டானது. பாகிஸ்தான் பாதி அங்கேயே இருக்க, இந்தியப் பாதி நம்ம மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி வெலிங்டனுக்கு வந்து சேர்ந்தது. உலகப் போரில் ஒரே சீருடையில் சண்டை போட்டவர்கள் அடுத்த சில மாதங்களில் காஷ்மீரில் எதிரெதிரே நின்றார்கள். வெலிங்டன் கல்லூரியின் தலைவராக இருந்து பின்னாளில் தளபதியான சாம் மானெக்‌ஷாவுக்கும் பின்னாளில் பாகிஸ்தான் அதிபரான யாஹ்யா கானுக்கும் பிரிவினைக்கு முன் பழக்கம் உண்டு. மானெக்‌ஷாவின் மோட்டார் சைக்கிளை யாஹ்யா ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு பணம் தராமல் போய்விட்டார் என்றும், 1971 வங்கதேசப் போரில் பாதி நாட்டைக் கொடுத்துக் கடனைத் தீர்த்தார் என்றும் மானெக்‌ஷா சொல்லிச் சிரிப்பாராம். அந்த 1971 டிசம்பரில் பாகிஸ்தானுக்கு ஆதரவாக அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் போர்க்கப்பல் வங்கக் கடலுக்கு வந்தது. நம் பக்கம் நான்கு மாதம் முன்னால் சோவியத்தோடு போட்ட ஒப்பந்தம் இருந்தது. மானெக்‌ஷா கடைசிக் காலத்தைக் குன்னூரில் கழித்து, 2008-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார்.

◆ வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் 1957-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி! இந்தியாவில் ஓட்டுப்போட்டு வந்த முதல் கம்யூனிஸ்ட் அரசு. 1959 ஜூலை 31 அன்று அது கலைக்கப்பட்டது. கேரளத்தில் கம்யூனிஸ்ட்டுகளைத் தடுக்கக் காங்கிரஸுக்கு அமெரிக்கா பணம் கொடுத்தது என்று பின்னாளில் எழுதியவர் வேறு யாருமல்ல, இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹன்.

◆ கோவை மில்களில் நைஸ் நூல் நூற்க நீள இழைப் பஞ்சு வேண்டும். அதற்கு வெகுகாலம் எகிப்தையும் சூடானையும் நம்பியிருந்தோம். 1955-ல் எகிப்து, செக்கோஸ்லோவாகியா வழியாகச் சோவியத் ஆயுதங்களை வாங்கிவிட்டுப் பஞ்சைக் கொடுத்துக் கணக்குத் தீர்த்தது. துப்பாக்கிக்குப் பஞ்சு! வெளிநாட்டுப் பஞ்சை நம்பிப் பிழைக்க முடியாது என்று கோவைப் பருத்தி ஆராய்ச்சிக்காரர்கள் இங்கேயே விளையும் நீள இழை ரகங்களைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். எகிப்துப் பருத்தியிலிருந்து தேர்ந்தெடுத்த 'சுஜாதா'வையும் மேற்கிந்தியத் தீவின் 'செயின்ட் வின்சென்ட்'டையும் ஒட்டி 1974-ல் கொண்டுவந்த 'சுவின்', இன்றைக்கும் இந்தியாவின் மிக நைஸான பருத்தி ரகங்களில் ஒன்று.

◆ குந்தா நீர்மின் திட்டம் கனடாவின் உதவியோடு வந்தது. ஆசியாவில் வறுமை இருந்தால் கம்யூனிசம் நுழைந்துவிடும் என்று காமன்வெல்த் நாடுகள் 1950-ல் போட்ட கொழும்புத் திட்டம் அதற்கு வழி. நீலகிரியில் விழுந்த தண்ணீர் சமவெளியில் மில்லை ஓட்டியது, தோட்டத்துக் கிணற்றில் மோட்டாரை ஓட்டியது.

◆ இனி நம்ம சி.எஸ். பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் 1910-ல் பிறந்த சி. சுப்பிரமணியம், இரண்டு வல்லரசுகளின் வாசலிலும் நின்றவர். மத்தியில் எஃகுத்துறை அவர் கையில் இருந்தபோது பொகாரோவில் இரும்பாலை கட்ட அமெரிக்காவின் உதவியை எதிர்பார்த்தோம். கென்னடிக்கு விருப்பம்தான். ஆனால் அரசாங்கமே நடத்தும் ஆலைக்கு எங்கள் வரிப்பணமா என்று அமெரிக்க நாடாளுமன்றம் முகத்தைச் சுளித்தது. 1963-ல் நேரு கோரிக்கையைத் திரும்பப் பெற்றார். 'நாங்கள் கட்டித் தருகிறோம்' என்று சோவியத் வந்தது; 1965 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதற்குள் சி.எஸ். உணவு அமைச்சர். இந்தத் துறையை யாரும் விரும்பி வாங்கமாட்டார்கள். பஞ்சம் வந்தால் திட்டு, விளைச்சல் வந்தால் பாராட்டு மழைக்கு. 1965 பாகிஸ்தான் போரால் அமெரிக்கா உதவியை நிறுத்தியது, மழையும் பொய்த்தது. நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஃப்ரீமனைச் சந்தித்து, விவசாயத்துக்கு என்னென்ன செய்வோம் என்று சி.எஸ். எழுதிக் கையெழுத்திட்டார். அதற்குப் பிறகும் அதிபர் ஜான்சன் கோதுமைக் கப்பல்களை மொத்தமாக அனுப்பவில்லை. மாசாமாசம் கணக்குப் பார்த்து, இந்தியா வியட்நாம் பற்றி என்ன பேசுகிறது என்றும் கவனித்து, கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட்டார். 1966-ல் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி. கப்பல் பிந்தினால் ரேஷன் கடை காலி என்ற நிலைமை.

அதே 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை இறக்க சி.எஸ். துணிந்தார். வெளிநாட்டு விதையா என்று இடதுசாரிகளும் கத்தினார்கள், செலவைப் பார்த்து நிதித்துறையும் கத்தியது. டெல்லி பங்களாவின் புல்வெளியை உழுது அந்த விதையை அவரே போட்டுக் காட்டினார். பங்களாத் தோட்டத்தில் வெள்ளாமை வைத்த மத்திய அமைச்சர் என்றால், அவர் கொங்கு நாட்டுக்காரர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1998-ல் பாரத ரத்னா.

◆ அறுபதுகளில் இங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களைக் கேளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு 'கேர்' அமைப்பு அனுப்பிய அமெரிக்கக் கோதுமை ரவை, மஞ்சள் சோள மாவு, பால் பவுடர், எண்ணெய். இரண்டு கைகள் குலுக்கும் படம் போட்ட எண்ணெய் டின்கள் காலியானதும் வீட்டுக்கு வந்து தண்ணீர் சேந்தும். பையைத் திறந்தால் புத்தகங்களுக்கு 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழ தாளில் அட்டை. கணக்குப் புத்தகத்தின் மேல் டிராக்டர் ஓட்டும் உக்ரைன் பெண், வரலாற்றுப் புத்தகத்தின் மேல் ககாரின். நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் டால்ஸ்டாய் தமிழில், கெட்டி அட்டையில், சில ரூபாய்க்குக் கிடைத்தார். வயிற்றுக்கு வாஷிங்டன், வாசிப்புக்கு மாஸ்கோ. இரண்டு பேரும் நம்மைக் கவர இவ்வளவு செலவு செய்தார்கள். நாம் உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு டால்ஸ்டாயைப் படித்தோம்.

◆ போர்க்காலக் கூட்டாளிகள் பகையாவது கோவைக்குப் புதிதல்ல. 1790-ல் திப்பு சுல்தானை எதிர்த்து ஆங்கிலேயர், மராத்தியர், ஹைதராபாத் நிஜாம் மூவரும் கைகோத்தார்கள். கோவைக் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1791-ல் திப்புவின் படை முற்றுகையிட, லெப்டினென்ட் சால்மர்ஸ் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து நவம்பரில் சரணடைந்தார். 1792 உடன்படிக்கையில் மூவரும் திப்புவின் நிலத்தைப் பங்கு போட்டார்கள். 1799-ல் திப்பு வீழ்ந்தார், கோவை கும்பினிக்குப் போனது. பொது எதிரி போன நாலே வருஷத்தில், 1803-ல், ஆங்கிலேயரும் மராத்தியரும் அஸ்ஸாயே களத்தில் மோதினார்கள். கோவையில் அந்தக் கோட்டை இல்லை, கோட்டைமேடு இருக்கிறது.

◆ கிணத்துக்கடவுக்கு அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரைதான் 2008-ல் ஏவிய சந்திரயான்-1 திட்ட இயக்குநர். நிலவில் நீர் இருப்பதைக் காட்டிய கருவிகளில் நாசாவின் கருவி ஒன்று அதில் இருந்தது. அடுத்த சந்திரயானுக்கு இறங்குகலம் தர ரஷ்யா ஒப்புக்கொண்டிருந்தது. நிலவுக்கு யார் முதலில் என்று ஒரு காலத்தில் மல்லுக்கட்டிய இரண்டு பேரும் ஒரு கொங்கு கிராமத்துக்காரரின் திட்டப்பலகையில் அடுத்தடுத்து வந்தார்கள். 2011-ல் தன் விண்கலம் ஒன்று கெட்டுப்போனதால் ரஷ்யா பின்வாங்க, இறங்குகலத்தை இஸ்ரோவே செய்துகொண்டது.

◆ இன்றைய சூலூருக்கு வருவோம். தேஜஸ் போர் விமானங்களின் முதல் இரண்டு ஸ்குவாட்ரன்களும் இங்கேதான் இருந்தன. 45-வது 2018-ல் பெங்களூரிலிருந்து வந்தது, 18-வது 2020 மே 27 அன்று இங்கேயே புத்துயிர் பெற்றது. இந்த விமானத்தின் இஞ்சின் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்-404. பீரங்கி ரஷ்ய ஜிஎஸ்எச்-23, ஏவுகணைகளில் ஒன்று ரஷ்ய ஆர்-73. ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தவென்றே இரு நாடுகளும் வளர்த்த தொழில்நுட்பம் ஒரே உடம்பில்! 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை போட்டபோது தேஜஸ் வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. 2024 ஆகஸ்டில் 'தரங் சக்தி' பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் சூலூரில் இறங்கின. பிரிட்டிஷ்காரர்கள் ஜெர்மனியோடு போரில் இருந்த நாளில் கட்டிய தளத்தில் ஜெர்மன் யூரோஃபைட்டர்! அடுத்த ரகத் தேஜஸுக்கு 2021-ல் கேட்ட 99 அமெரிக்க இஞ்சின்களில் முதலாவது கைக்கு வந்தது 2025 மார்ச்சில்.